கணக்கைக் காட்ட ஓர் இடம்

நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்தில் அடிக்கடி கண்ணில் படும் செய்தி ஒன்று உண்டு. பம்புசெட் அருகிலோ கருவேலங்காட்டிலோ பணம் வைத்துச் சூதாடிய ஐந்தாறு பேர் கைது. சீட்டுக்கட்டும் சில ஆயிரம் ரூபாயும் பறிமுதல். செய்தி அதோடு முடிந்துவிடும். பிணையில் வந்தவர் அன்றிரவு எப்படி வீட்டுக்குள் நுழைந்தார், அடுத்த வாரம் எங்கே போய் உட்கார்ந்தார், அவர் மனைவி யாரிடம் கடன் கேட்டார் என்பவை அச்சில் வருவதில்லை. சூதாட்டம் பற்றித் தமிழில் எழுதப்படுபவற்றில் பெரும்பகுதி இரண்டே இடங்களில் நிற்கிறது: ஒன்று சட்டம், மற்றொன்று சாவு. இரண்டுக்கும் நடுவில் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆடிவிட்டு, இனி எப்படியாவது நிறுத்தியாக வேண்டும் என்று தவிப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு யார் துணை என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் உத்திரமேரூர் வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். ஏரிப்பாசன ஊர்கள்; நெல்லும் வேர்க்கடலையும் விளையும் பூமி. ஆனால் இளவட்டங்களில் பலரும் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குப் போகிறார்கள். ஆகவே இங்கே பணம் இரண்டு விதமாக வருகிறது. நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைகளுக்கான தொகை மொத்தமாக வங்கிக் கணக்கில் விழுகிறது. கம்பெனிச் சம்பளம் மாதாமாதம் வருகிறது. சூதாட்டமும் இரண்டு விதம். வெட்டுச்சீட்டு, பொங்கல் காலத்து லங்கர் கட்டை, காட்டன், மூணு நம்பர் லாட்டரி என்று பழைய வகை ஒன்று. பஸ்ஸின் பின்சீட்டில் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு கைப்பேசியில் ஆடும் ரம்மியும் கிரிக்கெட் பெட்டிங்கும் புதிய வகை. பழையதை ஊர் பார்த்தது. புதியதை, பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிகூடப் பார்ப்பதில்லை.

இந்த நோயின் நடுநரம்பை ஆடுபவர்களே ஒரு சொற்றொடரில் சொல்லிவிடுவார்கள்: "விட்டதைப் பிடிக்கணும்." தோற்ற பணத்தை மீட்க மறுபடி ஆடுவதை மனநல மருத்துவமும் முக்கிய அறிகுறியாகக் கொள்கிறது. 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் கட்டுக்கடங்காத சூதாட்டத்தைச் சேர்த்தபோது, உந்துதலை அடக்க முடியாத கோளாறுகளின் வரிசையில் வைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் அதை மது, போதைப்பொருள் அடிமைத்தனங்களோடு ஒரே அத்தியாயத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். உடலுக்குள் எந்தப் பொருளும் போகாமலே மூளை போதைக்குப் பழகிவிடும் என்பது அப்படி ஏற்கப்பட்டது. திருக்குறளில் கள்ளுண்ணாமைக்கு அடுத்த அதிகாரம் சூது, அதற்கும் அடுத்தது மருந்து. அந்த வரிசையை அமைத்தவருக்கு இந்தப் பக்கத்து உறவு முன்பே தெரிந்திருந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுதான் உயிர்களை மிக வலுவாகக் கட்டிப்போடுகிறது என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களையும் எலிகளையும் வைத்துக் காட்டினார். மயிரிழையில் தவறிய வெற்றி அதைவிடக் கொடியது. 2009இல் கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க்கும் சக ஆய்வாளர்களும் நடத்திய மூளைப் படப் பரிசோதனையில், நூலிழையில் நழுவிய ஆட்டம் வெற்றிக்குச் சிலிர்க்கும் அதே பகுதிகளை உசுப்பியது. மேலும் ஆடும் ஆசையையும் கிளப்பியது. கையில் 483 வைத்திருப்பவருக்கு 482 விழுந்தால், கணக்குப்படி அது 107 விழுந்ததற்குச் சமம்தான். அவருக்கோ, நாளைக்கு நிச்சயம் என்று தோன்றுகிறது. இதை அவருக்குக் கணிதமாக விளக்கினால் தலையாட்டுவார். மறுநாள் காலை சீட்டு வாங்கியிருப்பார்.

சட்டத்தின் கதை நீண்டது, சுருக்கமாகவே பார்ப்போம். 1968இல் அரசே லாட்டரி நடத்தத் தொடங்கிய மாநிலம் இது. 2003 ஜனவரியில் அரசே எல்லா லாட்டரியையும் தடை செய்தது. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துக் கள்ளத்தனமாக ஆட்டம் தொடர்ந்தது. 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் நகைத் தொழிலாளி ஒருவரின் குடும்பமே அந்தக் கடனில் அழிந்தது. இணைய ரம்மிக்கு எதிராக 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது. அதன் வழிவந்த திருத்தச் சட்டத்தை 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் புதிய மசோதா நிறைவேறி, ஆளுநர் திருப்பியனுப்பி, மீண்டும் நிறைவேறி, 2023 ஏப்ரலில் சட்டமானது. அதே ஆண்டு நவம்பரில், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றுக்கான தடையை மட்டும் உயர் நீதிமன்றம் நீக்கியது. கடைசியாக 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்தது.

இந்த வரலாற்றில் மீட்சிக்கு நேரடியாகப் பொருள்படுவது ஒரே ஒரு மாற்றம். 1930ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தின்படி ஆடுபவரும் குற்றவாளி. 2023 ஏப்ரலில் வந்த தமிழகச் சட்டமும் ஆடுபவருக்கு மூன்று மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ விதிக்க இடமளிக்கிறது. 2025இன் மத்தியச் சட்டம் நடத்துபவரையும் விளம்பரம் செய்பவரையும் பணப்பரிமாற்றத்துக்கு உதவுபவரையும்தான் தண்டிக்கிறது, ஆடுபவரை அல்ல. நாலு பேர் நடுவில் "நேற்று ஆடினேன்" என்று ஒருவர் சொல்ல, அந்த வாக்குமூலம் தன்னைச் சிறைக்கு அனுப்பாது என்ற துணிவு வேண்டும். கைப்பேசியில் ஆடியவருக்கு அந்தக் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. காட்டன் எழுதியவருக்கும் வெட்டுச்சீட்டு ஆடியவருக்கும் இன்னும் திறக்கவில்லை.

குடும்பங்கள் என்ன செய்கின்றன? முதலில் கடனை அடைக்கின்றன. இதில்தான் நல்லெண்ணம் நஞ்சாகிறது. மாமனார் நிலத்தை விற்றுக் கந்துவட்டியை அடைப்பார். மனைவியின் நகை கூட்டுறவு சங்கத்தில் அடகுக்குப் போகும். பிள்ளையின் தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவார்கள். அழுதுகொண்டு செய்யும் அந்தச் சத்தியம் உண்மையானதே. ஆனால் வட்டி நெருக்கடி தீர்ந்த மறுகணமே ஆடுபவருக்கு மறுபடி கடன் வாங்கும் தகுதி வந்துவிடுகிறது. அதோடு, குடும்பத்திடம் சொன்ன தொகை ஏறக்குறைய எப்போதும் பாதித் தொகைதான். மறைத்த மீதிக்காக அவர் மறுபடி ஆடப் போகிறார், இந்த முறை உண்மையாகவே குடும்பத்தைக் காப்பாற்றுவதாக எண்ணிக்கொண்டு. 2003ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருந்தும் மீட்டர் வட்டிக்காரர் வாசலில் வந்து நிற்பது நிற்கவில்லை. அந்தப் பயத்தில் எழும் பொய்யைக் கண்டுபிடிக்க மருத்துவராலும் முடியாது, மனைவியாலும் முடியாது. தானும் அதே பொய்யைச் சொன்ன ஒருவரால் முடியும்.

1957 செப்டம்பர் 13 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் அமைப்பின் முதல் கூட்டம் நடந்தது. இரண்டு பேர் அவ்வப்போது சந்தித்து, ஒருவர் இன்னொருவரை ஆடவிடாமல் பிடித்து வைத்ததிலிருந்து பிறந்தது அது. 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் குடிநோயாளிகளுக்காகத் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்தான் அதற்கு முன்மாதிரி. ஒன்றை இங்கே பதிவு செய்ய வேண்டும்: சூதாடிகளுக்கான மருத்துவச் சிகிச்சையைத் தூண்டியவர்களும் இந்தக் குழுக்காரர்கள்தான். ஒஹையோ மாநிலத்தில் முன்னாள் படைவீரர் மருத்துவமனை ஒன்றில் ராபர்ட் கஸ்டர் என்ற மனநல மருத்துவர், குடிநோய்ப் பிரிவோடு சேர்த்துச் சூதாடிகளுக்கும் உள்நோயாளி சிகிச்சையை 1970களின் தொடக்கத்தில் ஆரம்பித்தார். கேம்ப்ளர்ஸ் அனானிமஸ் உறுப்பினர்கள் வந்து கேட்டதன் பேரில் நடந்தது அது.

அந்தக் கூட்டங்களின் நடைமுறையைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது. முதல் பெயர் மட்டும் போதும். புதிதாக வந்தவரிடம் இருபது கேள்விகள் கேட்கிறார்கள். ஏழுக்காவது ஆம் என்று பதில் வந்தால் பிரச்சினை இருப்பதாகக் கொள்ளலாம். ஒவ்வொருவரும் கடைசியாக ஆடிய நாளைச் சொல்லிவிட்டுப் பேசுகிறார். குறுக்கே யாரும் அறிவுரை சொல்வதில்லை. கூட்டம் கலைந்த பிறகு தொலைபேசி எண்கள் கைமாறுகின்றன. சம்பள நாளன்றோ இறுதிப் போட்டியன்றோ கை அரிக்கும்போது அழைப்பதற்கு அந்த எண்கள்.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அழுத்தம் குறைக்கும் கூட்டம் என்று அவர்கள் தனியே நடத்தும் ஒன்று. சில வாரங்கள் வந்துபோய், ஆடாமல் இருந்து காட்டியவருக்கே அது வாய்க்கும். மேசையின் ஒரு பக்கம் அவரும் மனைவியும். மறுபக்கம் ஆட்டத்தை விட்டுப் பல ஆண்டான இருவரோ மூவரோ. ஒரு தாளில் எல்லாக் கடனும் எழுதப்படுகிறது: யாருக்கு, எவ்வளவு, என்ன வட்டி, எது அடகில். இன்னொரு தாளில் வருமானம், அரிசி, வாடகை, பள்ளிக் கட்டணம். பழைய ஆட்டக்காரர் ஒருவர் மெதுவாகக் கேட்பார்: "இதில் எழுதாத ஒன்று இருக்குமே, அது எவ்வளவு?" பல பேருக்கு அந்தக் கேள்விக்குப் பிறகுதான் முழுத் தொகை வாயில் வருகிறது. பிறகு, வீட்டுச் செலவு போக மிஞ்சுவதைக் கடன்காரர்களுக்குப் பங்கிட்டுச் சிறு தவணைகளாகத் திட்டம் போடுகிறார்கள். மொத்தமாக அடைக்க யாரிடமும் புதுக்கடன் வாங்கக் கூடாது. பணத்தின் பொறுப்பு மனைவி கைக்கோ நம்பிக்கையான வேறொருவர் கைக்கோ போகிறது.

இது பலிக்கிறதா? நேர்மையாகச் சொன்னால், எல்லோருக்கும் இல்லை. ஸ்காட்லாந்தில் இந்தக் கூட்டங்களுக்கு வந்த 232 பேரைப் பின்தொடர்ந்து ஸ்டூவர்ட், பிரவுன் இருவரும் 1988இல் வெளியிட்ட ஆய்வில், முதல் கூட்டத்திலிருந்து ஓராண்டு முழுக்க ஆடாமல் குழுவிலும் நீடித்தவர்கள் 8 விழுக்காடு, ஈராண்டில் 7. முதல் சில கூட்டங்களோடு பெரும்பாலோர் நின்றுபோகிறார்கள். இந்த எண்ணைக் காட்டிக் குழுக்களை ஒதுக்கும் மருத்துவர்கள் உண்டு. ஆனால் நான்சி பெட்ரியின் குழு அமெரிக்காவில் 231 பேரிடம் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றையும் காட்டியது. கேம்ப்ளர்ஸ் அனானிமஸுக்குப் போகச் சொல்லி அனுப்பியதோடு சரி என்று விடப்பட்டவர்களைவிட, அதோடு எட்டு அமர்வு உளவியல் சிகிச்சையும் பெற்றவர்கள் நன்றாக மீண்டார்கள். குழுவுக்கும் தொடர்ந்து போனவர்கள் மேலும் நன்றாக இருந்தார்கள். அதே ஆண்டில் வெண்டி ஸ்லட்ஸ்கி அமெரிக்கத் தேசிய ஆய்வுகளை அலசிக் கண்டது, வாழ்நாளில் இந்நோய்க்கு ஆளானவர்களில் மூன்றிலொரு பங்குக்கு மேல் கடந்த ஓராண்டில் தொல்லையின்றி இருந்தார்கள், சிகிச்சைக்கோ குழுவுக்கோ ஒருநாளாவது போனவர்கள் சுமார் பத்தில் ஒருவராக இருந்தும். ஆக, தானாக மீள்வோரும் உண்டு. ஆனால் ஆண்டுக்கணக்கில் ஆடி, பலமுறை விட்டு, பலமுறை விழுந்தவரைத் தானாக மீளட்டும் என்று விட்டுவிட முடியாது. அவருக்கு மருத்துவமும் வேண்டும், கூட்டாளியும் வேண்டும்.

கூட்டாளி என்று சொல்லும்போது ஒரு தடங்கலையும் சொல்லியாக வேண்டும். இவரை ஆட்டத்துக்கு இழுத்துப் போனதும் கூட்டாளிதான். ரம்மி நிறுவனங்கள் இதை நன்றாகவே அறிந்து, நண்பரைச் சேர்த்துவிட்டால் போனஸ் என்று வலை விரித்தன. ஒரே கம்பெனி பஸ்ஸில் ஒருவர் வழியாக நாலு பேர் சேர்ந்தார்கள். ஆட்டத்தை விடும்போது அந்த நட்பு வட்டமும் போய்விடுகிறது. மாலை ஆறு மணிக்குமேல் எங்கே போவது, யாரோடு பேசுவது என்ற வெறுமை, கடனைவிட வேகமாக ஆளைப் பழைய இடத்துக்குத் தள்ளும். நட்பு வழியாக வந்த நோய்க்கு நட்பு வழியாகவே மாற்று வேண்டியிருக்கிறது.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் தமிழகத்தின் பல ஊர்களில் தமிழிலேயே நடக்கின்றன. சூதாட்டத்துக்கான குழுக்களுக்கு அந்தப் பரவல் இல்லை. ஆனாலும் அமெரிக்க வடிவத்தை அப்படியே உத்திரமேரூரில் இறக்கிவைக்க முடியாது. அதன் அடித்தளம் பெயர் மறைப்பு. கிராமத்தில் பெயரை எப்படி மறைப்பது? யார் வீட்டு வண்டி எந்தத் தெருவில் நிற்கிறது என்பது டீக்கடைக்குத் தெரியும். வட்டிக்குக் கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே கூட்டத்தில் உட்கார நேரிடலாம். ஊரும் காலனியும் இன்னும் தனித்தனியாக இருக்கும் இடத்தில், யார் முற்றத்தில் யார் வந்து உட்கார்ந்து மனம் திறப்பார் என்ற கேள்வியை மூடி மறைக்கக் கூடாது.

உத்திரமேரூர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள். கி.பி. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்து, அதாவது ஊர்ப் பிரிவுகளிலிருந்து, குடவோலை முறையில் வாரியத்துக்கு ஆளெடுத்த விதிகளைச் சொல்பவை. மக்களாட்சியின் பெருமைக்காக அவற்றை எடுத்துக்காட்டுகிறோம். அது பிராமணர் சபை, ஊரார் அனைவருக்கும் உரியதல்ல என்பதும் நினைவில் இருக்க வேண்டும். எனக்கு இங்கே வேறு இரண்டு விதிகள் உறுத்துகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்களும் குடவோலைக்குத் தகுதியற்றவர்கள். சில குற்றங்களைச் செய்தவர் பிராயச்சித்தம் செய்து தூய்மையடைந்த பிறகும், சாகும்வரை அவர் பெயரைக் குடத்தில் இடக் கூடாது. பொதுப்பணம் புழங்கும் பதவிக்கு அந்தக் கண்டிப்புக்கு நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் கிராமம் இன்றும் சூதாடியை அந்தக் கண்ணோடுதான் பார்க்கிறது. களங்கம் குடும்பத்துக்கே ஒட்டிக்கொள்கிறது. தங்கைக்கு வரன் தட்டிப்போகிறது. அவர் ஆட்டத்தை விட்டு ஐந்து ஆண்டானாலும் கோயில் திருவிழா வசூலை அவர் கையில் கொடுக்க மாட்டார்கள். கணக்குக் காட்டு என்ற கட்டளை மட்டும் உண்டு. காட்டியவர் திரும்பிவர வழி இல்லை.

அதனால் கிராமக் குழு பெயர் மறைப்பின் மேல் நிற்க முடியாது, கணக்கைக் காட்டுவதன் மேல்தான் நிற்க முடியும் என்பது என் எண்ணம். பல ஊர்க்காரர்கள் கலந்து வரும்படி, கிராமத்துக்குள் அல்லாமல் உத்திரமேரூர் பஸ் நிலையத்தை ஒட்டிய பொதுவான ஓர் அறையில், ஷிப்ட் வேலைக்காரரும் வரக்கூடிய ஞாயிறு மாலையில் கூட வேண்டும். பக்கத்து ஊர்க்காரர் முன்னால் சொல்வது சொந்தத் தெருவில் சொல்வதைவிட எளிது.

இது கற்பனை அல்ல என்பதற்குத் தமிழகத்திலேயே முன்னோடி உண்டு. குடிநோயால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980இல் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளையைத் தொடங்கினார். நகரத்துக்கு வந்து ஒரு மாதம் தங்கிச் சிகிச்சை பெற முடியாத கிராமத்தாருக்காக, குடவாசலை அடுத்த மஞ்சக்குடியில் அந்த நிறுவனம் பதினைந்து நாள் முகாம்கள் நடத்தியது. உள்ளூர் அமைப்பு ஒன்று இடம் கொடுத்து உபசரித்தது. ஒரே பகுதியைச் சேர்ந்தவர்கள் சேர்ந்து சிகிச்சை பெற்றார்கள், குடும்பத்தாரும் அழைக்கப்பட்டார்கள், முகாமுக்குப் பிறகும் தொடர்ந்து கவனித்தார்கள். அந்த அனுபவத்தை சாந்தி ரங்கநாதன் 1994இல் 'அடிக்ஷன்' என்ற பன்னாட்டு ஆய்விதழில் எழுதினார். கிராமத்தில் ரகசியம் தங்காது என்பதையே அந்த முறை பலமாக்கிக்கொண்டது: சிகிச்சை எடுப்பது ஊருக்குத் தெரிந்துவிட்டதால், மீண்டவரைத் தாங்கும் கடமையும் ஊருக்கு வந்தது. கோவாவில் சங்காத் நிறுவனம், பயிற்சி பெற்ற சாதாரண ஆட்களே கட்டுமீறிக் குடிப்பவர்களுக்கு ஆலோசனை தரும் முறையைச் சோதித்து, அது பயனளிப்பதை 'லான்செட்' இதழில் வெளியிட்டது. பட்டம் பெற்ற மனநல மருத்துவர் வரும்வரை கிராமம் காத்திருக்கத் தேவையில்லை என்பதற்கு இவை போதுமான சான்று.

இன்னொரு பாடம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 1989இல் தருமபுரியில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களின் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாயில் வட்டமாக உட்கார்ந்து, தீர்மானப் புத்தகத்தைத் திறந்து, யார் எவ்வளவு சேமித்தார், யார் தவணை பாக்கி என்று எல்லோர் காதிலும் விழும்படி படிக்கிறார்கள். பாக்கி வைத்தவர் காரணம் சொல்கிறார், மற்றவர்கள் கேட்கிறார்கள், அடுத்த வாரத்துக்கு வழி சொல்கிறார்கள். ஆண்கள் கற்க வேண்டிய பழக்கம் இதுவேதான். ஆனால் அந்தக் குழுக்களின் தலையிலேயே ஆண்களின் சூதாட்டத்தையும் கட்டிவிடக் கூடாது. கணவன் ஆடிய கடனுக்காகக் குழுக் கடன் வாங்கி, அதையும் கட்ட முடியாமல் தோழிகள் முன் தலைகுனிந்த பெண்கள் ஏற்கெனவே போதுமான அளவு சுமந்துவிட்டார்கள். அவர்களுக்கென்று தனியாக, ஆடுபவரின் மனைவிமாரும் தாய்மாரும் மட்டும் கூடும் இடம் வேண்டும். அமெரிக்காவில் காம்-அனான் என்ற பெயரில் அப்படி ஒன்று இருக்கிறது. கடனை அடைத்துவிடாதே என்று ஒரு தாய்க்கு வெளியாள் சொன்னால் அது கல்நெஞ்சம்; அடைத்துப் பார்த்து ஏமாந்த இன்னொரு தாய் சொன்னால் காதில் ஏறும்.

குழு தொடங்கினால் முதலில் கவனிக்க வேண்டியவை நாள்கள். சம்பளம் ஏறும் நாள், நெல் பணம் விழும் வாரம், பொங்கல், ஐ.பி.எல். மாதங்கள் ஆகியவற்றில் ஒருவருக்கொருவர் தினமும் பேச வேண்டும். கொள்முதல் பணம் விழும் கணக்கில் மனைவியின் கையெழுத்தும் தேவைப்படும்படி மாற்றலாம். கைப்பேசியிலிருந்து பணம் அனுப்பும் வசதியைச் சில மாதங்கள் எடுத்துவிடலாம். மறுபடி ஆடிவிட்டவர் அடுத்த கூட்டத்துக்கே வந்து சொல்ல வேண்டும். அவரை விலக்கினால், விழுந்ததை மறைப்பது எப்படி என்பதைத்தான் மற்றவர்கள் கற்பார்கள். கடன் முழுதும் வெளிப்படும் நாள்கள்தான் உயிருக்கு மிக ஆபத்தானவை என்பதும் குழுவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் ஆளைத் தனியே விடக் கூடாது. செத்துவிடலாம் என்ற பேச்சு வந்தால் குழு தானே சமாளிக்கப் பார்க்காமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம்.

எல்லாவற்றுக்கும் முதலில் வேண்டியவர், ஆட்டத்தை விட்டு ஓராண்டாவது ஆன ஒருவர். அப்படிப்பட்டவர்கள் இந்த வட்டாரத்திலும் இருக்கவே செய்வார்கள். வெளியே சொல்லிக்கொள்ளாமல் இருப்பார்கள், அவ்வளவுதான். காஞ்சிபுரம் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குத் தூக்கமில்லை, படபடப்பு என்று வருபவர்களிடம், "பணம் வைத்து ஆடுவதுண்டா?" என்று ஒரு கேள்வியைக் கூடுதலாகக் கேட்டாலே பலர் வெளிப்படுவார்கள். அவர்களில் மீண்ட ஒருவரின் தொலைபேசி எண்ணை, தவிக்கும் இன்னொருவரிடம் கொடுப்பதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. அந்த இருவரின் சம்மதம் போதும்.